ராமராவ் கையெழுத்து 2 ரூபாய் நோட்டில் ‘ருபயா’: இது அச்சுப் பிழையா?

கேள்வி
பி. ராமராவ் கையெழுத்துப் போட்ட 2 ரூபாய் நோட்டு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பின்பக்கம் புலித்தலை. இந்தியில் ‘தோ ருபயே’ என்று இல்லாமல் ‘தோ ருபயா’ என்று இருக்கிறது. “பிழை நோட்டு, அபூர்வம்” என்று சொல்லி விற்பவர் நாலு மடங்கு விலை கேட்கிறார். தாள் மொடமொடவென்று புதுசு மாதிரி இருக்கிறது. இடது ஓரத்தில் மட்டும் இரண்டு சின்ன ஓட்டைகள். வாங்கலாமா? சுதந்திரத்துக்குப் பிந்தைய நோட்டுகளை இப்போதுதான் சேர்க்கத் தொடங்குகிறேன். எந்த வரிசையில் போகலாம்?

பதில் 1
பிழை இல்லை சார், அது ஒரு வகை. 1953இல் நோட்டில் இந்திக்கு முன்னிடம் கொடுத்தபோதுதான் பன்மை ‘ருபயா’வா ‘ருபயே’வா என்ற விவாதம் முடிவுக்கு வந்து ‘ருபயே’ நிலைத்தது. ராமராவ் 1949 ஜூலை முதல் 1957 ஜனவரி வரை ரிசர்வ் வங்கி ஆளுநர். அதனால் அவர் கையெழுத்திலேயே இரண்டும் கிடைக்கும். இரண்டையும் ஜோடியாக வாங்கி வையுங்கள், ஆனால் பிழை என்ற பெயரில் ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். ஒரே நோட்டில் இரண்டு இடத்தில் வேறு வேறு எண், தாள் மடிந்தபடி விழுந்த அச்சு, இதெல்லாம்தான் பிழை.

வரிசைக்கு, கையெழுத்தைப் பிடித்துக்கொண்டு போவதே எளிது. முதலில் 1949 ஒரு ரூபாய்: மன்னர் தலை போய் சாரநாத் சிங்கத்தூண் வந்த நோட்டு. ஒரு ரூபாய் மத்திய அரசின் நோட்டு என்பதால் நிதிச் செயலர் கையெழுத்துதான் இருக்கும் (கே.ஆர்.கே. மேனன்). ரிசர்வ் வங்கி நோட்டுகளில் ராமராவுக்கு அடுத்து ஐயங்கார், பிறகு பட்டாச்சார்யா. ராமராவுக்கும் ஐயங்காருக்கும் இடையில் சில வாரமே ஆளுநராக இருந்த அம்பேகாங்கரை ரிசர்வ் வங்கி நோட்டில் தேடி அலைய வேண்டாம். நிதிச் செயலராக அவர் போட்ட கையெழுத்து ஒரு ரூபாயில்தான் உண்டு.

பதில் 2
ஓட்டைகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அந்தக் காலத்தில் கட்டுகளை ஸ்டேப்ளர் பின் அடித்தே வைப்பார்கள், புழங்காத நோட்டிலும் ஓட்டை இருக்கும். என் சந்தேகம் அந்த மொடமொடப்பில்தான். துவைத்து இஸ்திரி போட்ட நோட்டும் அப்படித்தான் தெரியும்.

இருட்டறையில் டார்ச்சைத் தாளின் மட்டத்துக்குச் சாய்த்து அடியுங்கள். அமுக்கப்பட்ட பழைய மடிப்பு கோடாக எழும். அடுத்து 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு. அந்தக் காலத் தாள் மங்கலாகவே இருக்க வேண்டும். சோப்புத் தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் தாளில் தங்கியிருந்தால் நீலமாக ஒளிரும். மூன்றாவது, எண்களின் பின்பக்கத்தை விரலால் தடவுங்கள். அச்சின் அழுத்தம் லேசாகப் புடைத்திருக்கும், இஸ்திரி போட்டால் தட்டையாகிவிடும்.

வாங்கிய பிறகு பி.வி.சி. உறை கூடாது. அதிலிருந்து கசியும் எண்ணெய்ப் பதம் தாளைப் பிசுபிசுப்பாக்கிவிடும். மைலார் (பாலியஸ்டர் படலம்) உறை வாங்குங்கள். 1967இல் நோட்டுகளின் அளவைக் குறைத்தார்கள், ஆகவே அதற்கு முந்தைய பெரிய நோட்டு நுழையும் உறையா என்று அளந்து பார்த்து வாங்குங்கள். செலோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

பதில் 3
அடுத்த கட்டமாக, பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானுக்காக இந்தியாவில் அச்சடித்த 1948 நோட்டுக்குப் போனால் பத்து மடங்கு பூதக்கண்ணாடி கையில் இருக்கட்டும். நாசிக்கில் அச்சான அசலில் ‘கவர்ன்மெண்ட் ஆஃப் பாகிஸ்தான்’ என்பது அச்சுத் தகட்டிலேயே செதுக்கப்பட்டது. முன்பக்கம் மட்டும், நீர்க்குறி இடத்தின் மேலே ஆங்கிலம், கீழே உருது. சாதாரண மன்னர் தலை நோட்டில் ரப்பர் முத்திரை குத்திய போலிகள் நிறையச் சுற்றுகின்றன. அவற்றில் எழுத்தின் ஓரம் கசிந்து, மை தாள் இழையில் பரவியிருக்கும்.

ஹஜ் பயணிகளுக்காக 1959இல் வந்த ஹஜ் நோட்டு 10, 100 இரண்டே மதிப்பு. எண்ணுக்கு முன் ‘எச்ஏ’ இருக்க வேண்டும். வளைகுடா நாடுகளில் புழங்குவதற்கென்று வந்த வளைகுடா நோட்டுக்கு ‘இசட்’. நிறத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்
புற ஊதா விளக்கில் பார்த்தேன். தாள் முழுக்க நீலம். ஓட்டைகளைச் சுற்றி வெளிறிய பழுப்பு வளையம், ஓரம் தெளிவாக இல்லை.

பதில் 2
துவைத்த நோட்டேதான். பின்னின் துரு தண்ணீரில் கரைந்து பரவியதால்தான் வளையம் அப்படித் தெரிகிறது. நாலு மடங்கை விடுங்கள், புழங்கிய நோட்டின் விலைக்கும் கீழே வந்தால் மட்டும் யோசியுங்கள். ‘ருபயா’ நோட்டு அவ்வளவு அரிதில்லை, துவைக்காததே கிடைக்கும்.