ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வேலை தெரிந்த மெக்கானிக் யாராவது சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே, போன வாரம் மாமா வீட்டு ஷெட்டில் ஒன்பது வருஷமாக நின்ற ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3, நாலு கதவு, நம்ம மெட்ராஸிலேயே செய்த பழைய கார், என் கைக்கு வந்துவிட்டது. தள்ளிக்கொண்டுதான் வந்தோம். பானெட்டோடு மொத்த மூக்கையும் முன்னால் சாய்த்துத் திறந்தால் ஏர் கிளீனருக்குள் எலிக்கூடு, கூடவே கிழிந்த தினத்தந்தி!

அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்யவில்லை. பிளக் நாலையும் கழற்றி, ஓட்டை வழியாகக் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டு ஹேண்டில் போட்டுச் சுற்றினேன், சுற்றுகிறது, அதுவரை நிம்மதி. டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கிறது, அதை இறக்கிக் கழுவ வேண்டும். பிரேக் மிதித்தால் பெடல் தரைவரை போகிறது.

எனக்குப் பயம் இரண்டு. ஒன்று, இதில் பாடியைத் தாங்குவது தனி சேஸிஸ் (அடிச்சட்டம்), அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் ஓரிடத்தில் துருவுக்குள் இறங்குகிறது. வெல்டு வைத்தால் போதுமா, மாற்றியே ஆகணுமா? இரண்டு, முன்சக்கர ட்ரனியனுக்கு (சக்கரம் திரும்ப உதவும் அடி மூட்டு) 90 கியர் ஆயில்தான் விட வேண்டும், கிரீஸ் அடித்தால் தேய்ந்து ஒருநாள் உடைந்து சக்கரமே மடங்கிவிடும் என்கிறார்கள். இதில் யாரோ வருஷக்கணக்காக கிரீஸ்தான் அடித்திருக்கிறார்கள். கழற்றிப் பார்க்காமல் ஓட்டலாமா?

பிரேக்குக்கு வீல் சிலிண்டர் கிட் புதுப்பேட்டையில் கிடைக்குமா, ஜி.பி. ரோடு போகணுமா? அப்புறம் வேளச்சேரி, தாம்பரம் பக்கம் பழைய வண்டியைப் பொறுமையாகப் பார்க்கிற மெக்கானிக் இருந்தால் சொல்லுங்கள். "ஸ்கிராப்புக்குப் போடு" என்பவர்கள் வேண்டாம், அதைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது.