பெரிய வீட்டுப் பங்காளிகள் குழு: வளவுல நிக்கிற தண்ணி

உமையாள் (கோலாலம்பூர்): வளவு வாசல்ல, அதான் வீட்டு நடு முற்றத்துல, தண்ணி நிக்குதாமே வள்ளியப்பா? ஓடு ஒழுகுதா?

வள்ளியப்பன் (காரைக்குடி): ஓடு நல்லாருக்கு ஆச்சி. வாசல் தண்ணி வெளிய போற சலதாரைதான் பிரச்சனை. தெருவுல தார் மேல தார் போட்டு ரோடு உசந்துருச்சு. காவாய் மட்டம் இப்ப சலதாரை வாயை விட மேல. மழை வலுத்தா தெருத்தண்ணி உள்ள வருது.

சொக்கலிங்கம் (சென்னை): வாசல்ல மண்ணடிச்சு ஏத்திடலாமாண்ணே?

வள்ளியப்பன்: கூடவே கூடாது தம்பி. வாசல் ஏறினா தண்ணி சுத்தியிருக்கிற பத்திக்கு (தாழ்வாரத்துக்கு) ஏறும். தேக்குத் தூணோட கல்பாதம் வரைக்கும் ஈரம் வந்தா அடிக்கட்டை உளுத்துரும், கரையானும் பிடிச்சிரும். சுவர் அடியில சிமெண்ட் பூசவும் விடாதீங்க. ஈரம் வெளிய வர வழியில்லாம பழைய சுண்ணாம்புப் பூச்சும் சேர்ந்து பெயரும்.

அழகம்மை (சிங்கப்பூர்): தண்ணி மண்ணுக்குள்ள இறங்க உறைக்கிணறு இறக்கலாமேண்ணே?

வள்ளியப்பன்: அது மட்டும் பத்தாது. வாசலைப் பாத்து இறங்குற கூரை 2,000 சதுரடின்னா, 5 செ.மீ. மழைக்கு 9,000 லிட்டருக்கு மேல விழும். 3 அடி விட்டம், 12 அடி ஆழ உறை 2,400 லிட்டர்தான் கொள்ளும். அதனால கூரைத்தண்ணியத் தனியா பிரிச்சு, 4 இஞ்சு குழாய்ல பின்கட்டுக் கிணத்துக்கு விடணும். நடுவுல ஜல்லி, மணல் போட்ட தொட்டி. முதல் மழைத் தண்ணிய வெளிய திருப்ப ஒரு வால்வு. தரைத்தண்ணி உறைக்கு மட்டும் போகட்டும், கிணத்துல கலக்கவே கூடாது. சலதாரை வாயில, தண்ணிய வெளிய மட்டும் விடுற நான்-ரிட்டர்ன் வால்வு வச்சா தெருத்தண்ணி வராது. குப்பை சிக்குனா மூடாது, மாசாமாசம் பாக்கணும்.

சொக்கலிங்கம்: மாநகராட்சிக்கு மனு குடுங்கண்ணே. பழைய தாரைச் சுரண்டிட்டுத்தான் புதுசு போடணும்னு 2021-லயே அரசு சொல்லியிருக்கு. மனுவோட வைக்கிற படத்துல சலதாரை வாயும் காவாயும் ஒண்ணா தெரியணும், பக்கத்துல டேப்பை நிறுத்திப் பிடிச்சு எடுங்க.

உமையாள்: நாங்க பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதித் தரணுமா?

வள்ளியப்பன்: மராமத்துக்கு வேண்டாம் ஆச்சி. எல்லாப் புள்ளியும் (பங்குள்ள குடும்பமும்) சம்மதக் கடிதம் கையெழுத்துப் போட்டு அனுப்புனா போதும். பின்னால ஆபீஸ் வேலைக்குப் பவர் தேவைப்பட்டா, விக்கிற உரிமை இல்லாத சிறப்பு அதிகாரமா எழுதுங்க. இந்தியத் தூதரகத்துல கையெழுத்து. இங்க வந்து சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டிரணும், விட்டா சிக்கல்.

அழகம்மை: கடித மாதிரி போடுங்கண்ணே. ஐப்பசிக்குள்ள வேலை முடியணும்.

வள்ளியப்பன்: ராத்திரி போடுறேன். கொத்தனார் மட்டம் பாத்து அளவு சொன்னதும் செலவுக் கணக்கும் வரும்.