ஃபீல்டெல்லாம் ஃபைனல், செட்டரும் இல்லை: கிளாஸையும் ஃபைனல் ஆக்க வேண்டுமா?

கேள்வி:
ஜாவாவில் 'கட்டணம்' என்றொரு கிளாஸ். தொகை ஒரு பிக்டெசிமல் (துல்லியமான தசம எண்), வரிகள் ஒரு லிஸ்ட். இரண்டும் பிரைவேட் ஃபைனல், மதிப்பை மாற்றும் செட்டரும் இல்லை. இதை ஹாஷ்மேப்பில் (கீயைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் அட்டவணை) கீயாக வைக்கிறோம். சில சமயம், போட்ட அதே கீயைக் கொடுத்தாலும் நல் (null, அதாவது எதுவும் இல்லை) வருகிறது. கிளாஸ் ஃபைனல் இல்லாததுதான் காரணமா?

பதில் 1:
முதலில் லிஸ்டைப் பாருங்கள். ஃபைனல் போட்டால் அந்த ஃபீல்டு வேறொரு லிஸ்டைச் சுட்டாது, அவ்வளவுதான். உள்ளே ஆட் செய்வதை அது தடுக்காது. கன்ஸ்ட்ரக்டருக்கு லிஸ்டைக் கொடுத்தவர் பிறகு ஒரு வரியைச் சேர்த்தால், உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்ணான ஹாஷ்கோட் மாறிவிடும். பொருள் பழைய எண்ணுக்குரிய பக்கெட்டிலேயே கிடக்க, மேப் வேறெங்கோ தேடும்.

கன்ஸ்ட்ரக்டரில் லிஸ்ட்.காப்பிஆஃப் போடுங்கள், ஜாவா 10 முதல் இருக்கிறது. கலெக்ஷன்ஸ்.அன்மாடிஃபையபிள்லிஸ்ட் மட்டும் போதவே போதாது. அது நகல் எடுப்பதில்லை, அதே லிஸ்டுக்கு உறை போடுகிறது. இன்னொன்று: நகல் எடுத்த பிறகே சரிபாருங்கள். முதலில் சரிபார்த்தால், நகல் எடுப்பதற்குள் வேறொரு த்ரெட் மூல லிஸ்டை மாற்றிவிடலாம்.

பதில் 2:
கிளாஸையும் கட்டாயம் ஃபைனல் ஆக்கி மூடுங்கள். திறந்திருந்தால் ஒருவர் எக்ஸ்டெண்ட் செய்து, மாறக்கூடிய ஃபீல்டு ஒன்றைச் சேர்த்து, தொகை மெத்தடை ஓவர்ரைடு செய்துவிடலாம். உங்கள் ஃபீல்டு அப்படியே இருக்கும். கூப்பிடுபவருக்கு மட்டும் ஒருமுறை 100, மறுமுறை 120 வரும். ஸ்ட்ரிங் ஃபைனல் கிளாஸ், பிக்டெசிமல் அப்படியல்ல. அதனால் வெளியிலிருந்து வரும் தொகையின் கெட்கிளாஸைப் பாருங்கள். பிக்டெசிமல் இல்லாமல் அதன் சப்கிளாஸாக இருந்தால், அதன் டுஸ்ட்ரிங்கிலிருந்து புதிய பிக்டெசிமல் உருவாக்கிக்கொள்ளுங்கள்.

ஜாவா 16-லிருந்து ரெக்கார்டு என்ற கிளாஸ் வகை இருக்கிறது, இயல்பிலேயே ஃபைனல். ஆனால் லிஸ்டை அது நகல் எடுக்காது. அந்த வேலை அங்கேயும் உங்களுடையதுதான்.

கேட்டவர்:
நகல் எடுத்தேன், ஃபைனலும் போட்டேன். பெரும்பாலும் சரியாகிவிட்டது, ஆனால் 2.0 என்று போட்டதை 2.00 என்று தேடினால் இன்னும் நல்தான். ஃபைனல் கிளாஸை டெஸ்டில் மாக் செய்ய (அதற்குப் பதில் போலிப் பொருள் வைக்க) முடியுமா?

பதில் 1:
அது பிக்டெசிமலின் குணம். ஈக்வல்ஸ் ஸ்கேலையும் (புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதை) சேர்த்துப் பார்ப்பதால் 2.0, 2.00 இரண்டும் வேறு வேறு. கம்பேர்டு-வில் மட்டும் சமம். கன்ஸ்ட்ரக்டரிலேயே ஸ்ட்ரிப்டிரெய்லிங்ஜீரோஸ் செய்து, கடைசிச் சுழியங்களை நீக்கி வையுங்கள். அப்போது 100 என்பது 1இ+2 (1E+2, அதாவது 1×10²) என்று அச்சாகும்; காட்டும் இடத்தில் டுபிளெயின்ஸ்ட்ரிங் போடுங்கள்.

மாக் செய்ய உதவும் நூலகமான மாக்கிட்டோவில், 5-லிருந்து ஃபைனல் கிளாஸையும் இயல்பாகவே மாக் செய்யலாம். ஆனாலும் இப்படியொரு மதிப்புப் பொருளுக்கு மாக் எதற்கு? நியூ போட்டு நிஜப் பொருளையே கொடுங்கள்.