அம்மம்மா வீட்டாக்கள் (குழு)

தர்ஷி: சனிக்கிழமை அம்மம்மான்ர திவசம் எத்தினை மணிக்கு? ஆதிக்கு அண்டைக்குத்தான் முதல் பாண்டிப் பயிற்சி. 11 மணிக்கு ஐஸில நிக்கோணுமாம்.

கனடா மாமி: அது என்ன விளையாட்டு?

கோபி: ஐஸ் ஹொக்கி மாதிரி ஒண்டு மாமி

பெரிய மாமா: ஹொக்கி இல்லை கோபி. தெரியாட்டில் சொல்லாதையும். ஒரு பக்கத்துக்கு 11 பேர், 45 நிமிசப்படி ரெண்டு பாதி, உதைபந்துக் கிரவுண்ட் அளவு ஐஸ். வளைஞ்ச தடியால சின்னப் பந்தை அடிக்கிறது. கோல் காக்கிறவருக்குக் கையில தடியே இல்லை. முந்தி கோடையில பந்தடிச்ச கிரவுண்டிலயே குளிர் வர தண்ணி அடிச்சு உறைய விட்டு, அதே பெடியள் ஸ்கேட்டோட இறங்குவினம். இங்க நோர்வேயில கன கிளப்புக்கு ரெண்டு விளையாட்டும் இருக்கிறது அதாலதான். எங்கட மியண்டாலன் கிளப் 1910 ல தொடங்கினது.

வதனி அக்கா: நேரம் கேட்டவள்

லண்டன் சித்தப்பா: 😂😂

தர்ஷி: மாமா, மியண்டாலன் இல்லை. சூல்பெர்க் கிளப்பில சேர்த்திருக்கிறம்.

பெரிய மாமா: என்ன?

பெரிய மாமா: ஆத்துக்கு அங்கால சூல்பெர்க்கோ

தர்ஷி: வீட்டில இருந்து நடந்து போகலாம் மாமா. கோபிக்கு நைட் வேலை. ஆர் ஏத்தி இறக்கிறது?

பெரிய மாமா: வீடு வாங்கேக்கயே இந்தப் பக்கம் வாங்கச் சொன்னனான்.

வதனி அக்கா: அந்தக் கதை வேண்டாம்

கனடா மாமி: வடை ஆர் சுடுறது

பெரிய மாமா: பிள்ளைக்கு வரலாறு தெரியவேணும். மண்ணிறச் சட்டை போட்ட கிளப்பை இந்த நாட்டில ஆருக்கும் சொல்லத் தேவையில்லை. உதைபந்தில இறுதியாட்டத்தில 1933 ல விக்கிங், 1934 ல சார்ப்ஸ்போர்க், 1937 ல ஒட், மூண்டு கிளப்பையும் வெண்டது. மூண்டு தரம் நோர்வேக் கிண்ணம், ஒரு சின்ன ஊருக்கு! பாண்டியிலயும் தேசிய சம்பியன், ஒருக்கா ரெண்டுதரம் இல்லை. 2014 ல உதைபந்தில பிரான் கிளப்பைப் பேர்கனில 1-1 எண்டு மறிச்சுப்போட்டு இங்க கொண்டுவந்து 3-0 அடிச்சு மேல் டிவிசனுக்குப் போனது.

கோபி: அடுத்த வருசமே இறங்கினதையும் சொல்லுங்கோ

பெரிய மாமா: 2018 ல திரும்ப ஏறினது.

கோபி: 2021 ல திரும்ப இறங்கினது

லண்டன் சித்தப்பா: அண்ணை காடிஃப் கதையை விட்டிட்டியள்

பெரிய மாமா: எந்தக் காடிஃப்

லண்டன் சித்தப்பா: 1969. ஐரோப்பாக் கிண்ணம் ஒண்டில காடிஃப் சிட்டி உங்கட மியண்டாலனுக்கு 7-1 அடிச்சது, பிறகு 5-1. கூட்டினா 12-2 😂

பெரிய மாமா: அதுக்குக் காரணம் இருக்கு. 1968 நோர்வேக் கிண்ண இறுதியாட்டத்தில லின் கிளப்பிட்டத் தோத்தது. லின் லீக்கும் வெண்டபடியா அவை பெரிய ஐரோப்பாக் கிண்ணத்துக்குப் போச்சினம், எங்களுக்கு மற்றது கிடைச்சுது. லின்னுக்கு லீட்ஸ் 10-0 அடிச்சது. அதோட பாத்தா நாங்கள் பரவாயில்லை.

கோபி: ட்ராம்மன்ல ஒரே ஒரு கிளப்தான். ஸ்ட்ரொம்ஸ்கொட்செட். 2013 சம்பியன். மார்ட்டின் ஒடேகார்ட் 15 வயதில தொடங்கினது எங்க?

லண்டன் சித்தப்பா: எங்கட கப்டன் ❤️ ஆர்சனல்

பெரிய மாமா: இது ட்ராம்மன் இல்லை. 2020 ல எங்கட கொம்யூனை, அதான் நகரசபையை, ட்ராம்மனோட சேர்த்தாப்போல ஊர் மாறிடுமோ.

வதனி அக்கா: தர்ஷி, பிள்ளைக்கு என்ன விருப்பம்?

தர்ஷி: அவனுக்கு ஸ்கேட் போட்டாக் காணும். போன கிழமை பழைய சாமான் மாத்துற இடத்தில 34 சைஸ் எடுத்தது, சப்பாத்து நாக்கு கிழிஞ்சிருக்கு, கழட்டுறானில்லை. அதோட சோபாவில ஏறி நிக்கிறான்.

கனடா மாமி: ஐயோ காலை வெட்டப்போறான்

பெரிய மாமா: மியண்டாலனுக்கு வந்தா நான் ஏத்தி இறக்குவன்.

வதனி அக்கா: கார்டமூன் ஏர்போட்டில என்னை ஏத்த வந்த மாதிரியோ 😏 மார்கழிக் குளிருக்க சட்டையோட நிண்டனான்

பெரிய மாமா: பிளைட் பிந்தினது எண்டு நினைச்சனான்.

வதனி அக்கா: நினைச்சனியள்

கனடா மாமி: வடை???

தர்ஷி: சரி. இந்த வருசம் சூல்பெர்க். அடுத்த வருசம் பாப்பம் மாமா. இப்ப திவசம் எத்தினை மணிக்கு?

பெரிய மாமா: ஐயர் பத்தரைக்குத்தான் வரலாமெண்டவர்.

தர்ஷி: அப்ப பயிற்சி?

கோபி: 9 மணிக்கு மாத்தேலாதோ? எடுத்துக் கேக்கிறன்

லண்டன் சித்தப்பா: சூம் லிங்க் ஆர் போடுறது

பெரிய மாமா: 🎤 குரல் பதிவு 6:42

வதனி அக்கா: கேக்கமாட்டன்

கோபி: ஐயர் போன் எடுக்கிறாரில்லை