முதலச்சா, முதலடிப்பா?

அண்ணா, வணக்கம்.

ஓர் இசைத்தட்டு முதல்முறை வெளியானபோது வந்த பிரதியை 'ஒரிஜினல் பிரஸ்ஸிங்' என்கிறோமே, அதற்குத் தமிழில் 'அசல் தட்டு' போதும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை.

போன மாதம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில், ஏற்காட்டு எஸ்டேட் பங்களாவிலிருந்து இறங்கிய இங்கிலாந்துத் தட்டு ஒன்று கிடைத்தது. "ஒரிஜினலா?" என்றேன். "சுத்தமான ஒரிஜினல்" என்றார் கடைக்காரர். 800 ரூபாய் கொடுத்தேன். வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், பாட்டு முடிந்து முள் ஓயும் வெற்று வளையத்தில், பொறித்த எண்ணின் வாலில் 4 இருந்தது. ஈஎம்ஐ என்ற இங்கிலாந்து இசைத்தட்டுக் கம்பெனியின் தட்டுகளில் அந்த வால் எத்தனையாவது வெட்டு, அதாவது பாட்டை மூல வட்டில் எத்தனையாவது முறை வெட்டியது என்பதைச் சொல்லும். 4 என்றால் பெரும்பாலும் பின்னால் வந்ததுதான். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. திருட்டுத் தட்டு அல்ல, கம்பெனித் தட்டு என்ற பொருளில் சொன்னார். அசலுக்கு எதிர்ச்சொல் போலி. நாம் பிரித்துப் பார்ப்பது முந்தியதையும் பிந்தியதையும்.

'மூலப்பதிவு' அதைவிடக் குழப்பம். பதிவு ஸ்டூடியோவில் நடப்பது. நம் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடி முடித்தது ஒரு நாள் என்றால், தட்டு பல வருடம் கழித்தும் வரலாம். பதிவு மாறாது, தட்டுதான் மாறும்.

தட்டு எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் சொல் தானாக வரும் என்று நினைக்கிறேன். மெருகு பூசிய அலுமினிய வட்டில், முள் ஓடும் வரிகளை வெட்டுகிறார்கள். அதன்மேல் வெள்ளி பூசி, நிக்கல் ஏற்றி உரித்தால் 'ஃபாதர்'. வரிகள் அதில் மேடாக நிற்கும். அதிலிருந்து 'மதர்'. இதில் வரி பள்ளம், முள் வைத்தே கேட்கலாம். மதரிலிருந்து 'ஸ்டாம்பர்'. இரண்டு ஸ்டாம்பருக்கு நடுவே சூடான வினைல் உருண்டையை வைத்து நசுக்கினால் தட்டு. லேபிள்கூட அந்தச் சூட்டிலேயே பதிகிறது, பசை கிடையாது. ஸ்டாம்பர் என்பது அச்சுவெல்லத்துக்கு இருக்கிற மாதிரி ஓர் அச்சு. ஆகவே 'முதலச்சு' என்று வைக்கலாமா?

முதலில் மனதில் வந்தது இட்லி அவிக்கும்போது அம்மா சொல்லும் 'முதல் ஈடு'. சேர்த்து எழுதினால் முதலீடு ஆகிவிடுகிறது, விட்டுவிட்டேன்.

*

தம்பி,

அசலை விட்டுவிடுகிறேன். நீங்கள் சொன்னதுதான் சரி. ஆனால் முதலச்சில் ஓர் ஓட்டை இருக்கிறது.

என்னிடம் உள்ள இங்கிலாந்து ஈஎம்ஐ தட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பொறித்த எண் ஆறு மணி இடத்தில் இருக்கும்படி பிடித்தால், மூன்று மணிப் பக்கம் 'ஆர்ஏ' என்று இரண்டு ஆங்கில எழுத்து. ஹேஸ் ஊரில் இருந்த ஈஎம்ஐ ஆலையில் 'கிராமஃபோன்' என்ற கம்பெனிப் பெயரின் ஆங்கில எழுத்துகளையே ஸ்டாம்பருக்கு எண்ணாக வைத்திருந்தார்கள். ஜி 1, ஆர் 2, ஏ 3 என்று போகும். ஆக இது 23வது ஸ்டாம்பர். அச்சு தேயத் தேய அதே வெட்டிலிருந்து புதிது எடுத்துக்கொண்டே இருப்பார்கள். இந்தத் தட்டு முதல் வெளியீட்டைச் சேர்ந்தது, ஒரிஜினல் பிரஸ்ஸிங்தான். ஆனால் முதலச்சு இல்லையே! 23வது அச்சாயிற்றே!

வெட்டையும் வைத்துச் சொல்ல முடியாது. முதல் வெட்டு சரியில்லை என்று தள்ளிவிட்டு, 2-ஐ வைத்தே வெளியிட்டதும் உண்டு.

அம்மா சொன்னதில்தான் கருத்து இருக்கிறது. ஒரு ஈட்டில் நாலு தட்டு இட்லி வெந்தாலும் எல்லாம் முதல் ஈடுதான், மேல்தட்டா கீழ்த்தட்டா என்று யாரும் பார்ப்பதில்லை. நமக்கு வேண்டியது அப்படி ஒரு சொல். 'தலை ஈடு' என்று பார்த்தேன், தலையீடு ஆகிறது. நோட்டீஸ் அடிக்கிறோம், காசு அடிக்கிறோம், தட்டும் அடிப்பதுதான். 'முதலடிப்பு' எப்படி?

*

அண்ணா,

23வது அச்சு என்றதும் விளங்கிவிட்டது. முதலடிப்பு என்றே வைப்போம். ஸ்டாம்பருக்கு 'அச்சு', மெருகு வட்டில் செதுக்குவதற்கு 'வெட்டு', பின்னால் மறுபடி அடித்து விட்டதற்கு 'மீளடிப்பு'. என் 800 ரூபாய்த் தட்டு நான்காம் வெட்டு, பெரும்பாலும் மீளடிப்பு என்று அட்டையில் எழுதிவிட்டேன். முள் ஓயும் அந்த வளையத்துக்கு மட்டும் இன்னும் பெயர் இல்லை. 'ஓய்வளையம்' என்று குறித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு வருகிறேன். உங்கள் தட்டுகளை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.