வீட்டுக் குழு: பொனற் திறக்கவில்லை

வியாழன்

நான், காலை 6:41
சித்தப்பா, எழும்பிவிட்டீர்களா? றேடியேற்றர் தண்ணீர் பார்ப்போம் என்று காருக்குள் உள்ள பொனற் கைபிடியை இழுத்தேன். ஒரு விறைப்பும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. இன்ஜினுக்கு மேலே உள்ள பொனற் அசையவே இல்லை.

அம்மா, 6:44
சனிக்கிழமை வவுனியா ஆஸ்பத்திரியில் அம்மம்மாவைத் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிறார்கள். கண் ஒப்பரேசன் செய்த மனுசியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வர முடியாது.

அத்தான், 6:50
கேபிள் அறுந்திருக்கும். கராஜில் காட்டு.

நான், 7:35
காட்டினேன் அத்தான். முன்பக்கக் கிறிலை உடைத்துத்தான் திறக்க வேண்டும் என்கிறார்கள்.

சித்தப்பா, 7:38
உடைக்க விடாதே. அந்தக் கிறிலுக்குப் பிறகு எங்கே அலைவாய்? வீட்டுக்குக் கொண்டு போ. கைபிடிக்குக் கீழே ரோச் அடித்து, அறுந்த கம்பி முனை தெரிகிறதா என்று பார்த்துச் சொல்.

நான், 7:59
📷
தெரிகிறது. உறைக்குள்ளிருந்து அரை அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. இழை இழையாகப் பிரிந்து துருவேறிச் சிவந்திருக்கிறது. கைபிடியில் ஈயக் குண்டு மட்டும்தான் மிச்சம்.

சித்தப்பா, 8:02
நல்ல காலம். முன்னால் பொனற்றைப் பூட்டும் லொக்கடியில் அறுந்திருந்தால் கிறில் இடைவெளியால் நீட்டு ஸ்குறூ டிரைவரை விட்டு லொக்கின் நாக்கைத் தேட வேண்டும். அந்த வேலைக்கு இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவியும் வெளியே இருக்க வேண்டும். சூட்டில் ஃபான் தானாகச் சுற்றும்.
உனக்கு அது தேவையில்லை. அந்தக் கம்பியைக் குறட்டால் இறுக்கிப் பிடி. அம்மாவைப் பொனற்றின் முன் நுனியில், நடுவில், இரண்டு கையாலும் அமத்தச் சொல். அவ அமத்தி வைத்திருக்கும்போது நீ இழு. அமத்தினால் லொக்கில் இறுக்கம் தளரும், கம்பிக்குப் பாரம் குறையும்.

அம்மா, 8:15
இரண்டு தரம் வரவில்லை. மூன்றாம் தரம் டக்கென்று சத்தம் கேட்டது. திறந்துவிட்டது! முருகா.

சித்தப்பா, 8:16
இனி மூடாதே! லொக் வாய்க்குள் துணியைச் சுருட்டி வை. தெரியாமல் யாராவது அடித்து மூடினால் பழையபடி தொடங்க வேண்டும். மழை இருட்டுகிறது, மேலே தறப்பாளைப் போட்டுக் கட்டு.

அக்கா, 8:30
ஏன் அறுந்தது சித்தப்பா? போன மாதம்தானே சேர்விஸ் செய்தவன்.

சித்தப்பா, 8:41
தம்பி, கைபிடி எப்போதிருந்து இறுக்கம்?

நான், 8:43
மாசியில் சூடடிப்பு நேரம் நெல் மூட்டை ஏற்றித் திரிந்தேனே, அதிலிருந்து. பலமாக இழுத்தால் திறக்கும் என்று விட்டுவிட்டேன்.

சித்தப்பா, 8:49
அதுதான் காரணம் பிள்ளை. நம்முடைய ஒழுங்கைப் புழுதி நேராக லொக்குக்குள்தான் போய் விழும். கிறீஸோடு சேர்ந்து களியாகிக் காய்ந்துவிடும். அது அசைய மறுக்க, நீ இன்னும் பலமாக இழுக்க, கம்பி கைபிடியில் மடங்கும் இடத்தில் ஒவ்வொரு இழையாக விடும். புதுக் கேபிள் போட்டு லொக்கை அப்படியே விட்டால் அதுவும் அறும்.

அத்தான், 9:05
கிளிநொச்சியில் கேட்டுப் பார்த்தாயா?

நான், 11:20
மூன்று கடை ஏறி இறங்கினேன். இந்தக் காருக்கு இல்லை.

அத்தான், 11:24
நான் கொழும்பில்தான் நிற்கிறேன். பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பார்க்கிறேன். 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு எல்லோரும் பழைய காரைத்தானே வைத்து ஓடினோம், அங்கே கழற்றிய சாமான் கிடைக்கும். ஷேசி நம்பரைத் தனியாக அனுப்பு. கேபிள் போகிற வழியில் நூல் பிடித்து நீளத்தையும் அளந்து அனுப்பு.

அத்தான், மாலை 5:50
📷
கிடைத்தது, புதிதே. இரவு பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். பரந்தன் சந்தியில் விடியப்புறம் நில்.

வெள்ளி

நான், காலை 5:12
எடுத்துவிட்டேன். நீளம் சரி. இப்போது பழையதை உருவட்டுமா?

சித்தப்பா, 5:20
பொறு பொறு. முதலில் கேபிள் போகிற வழி முழுவதையும், ஒவ்வொரு கிளிப்பையும் படம் எடு. லொக்கைக் கழற்றமுன் அதைச் சுற்றி மார்க்கரால் கோடு போடு. திரும்பப் பூட்டும்போது இரண்டு மில்லிமீற்றர் தள்ளினாலும் பொனற் ஒரு பக்கம் தூக்கி நிற்கும்.
பிறகு லொக் பக்க நுனியில் நாலு பாகம் நைலோன் தங்கூசி நூல் கட்டி, பழைய கேபிளைக் கார் உள்பக்கமாக இழு. கேபிள் வெளியே வரும், தங்கூசி அதன் வழியில் கிடக்கும். புதியதை அதில் கட்டித் திரும்ப வெளியே இழு. முடிச்சின் மேல் ரேப் சுற்று, இல்லாவிட்டால் தடக்கும்.

நான், 7:48
தடக்கிவிட்டது. இன்ஜினுக்கும் உள்ளுக்கும் நடுவில் உள்ள தகரத்தில் ஒரு றப்பர் வளையம் இருக்கிறது, அதில் முடிச்சு நிற்கிறது.

சித்தப்பா, 7:50
இழுத்துப் பறிக்காதே. சவர்க்காரத் தண்ணீர் தடவி, ஒருவர் உள்ளிருந்து தள்ள மற்றவர் மெல்ல இழுங்கள். முடிந்ததும் வளையம் வட்டமாகத் துளையில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். இடைவெளி இருந்தால் மழைத் தண்ணீர் உன் காலடிக்கு வரும்.

நான், 8:25
வந்துவிட்டது. வளையமும் இருந்துவிட்டது. லொக்கை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுப் பழைய பிரஷால் உரஞ்சுகிறேன். கறுப்புக் களி கழன்று வந்தபிறகுதான் அடியில் சுருள் வில் இருப்பதே தெரிகிறது. இப்போது ஒரு விரலால் நாக்கு அசைகிறது சித்தப்பா. முன்பு கம்பியால் தள்ளினாலும் அசையாது.

சித்தப்பா, 8:27
துடைத்துக் காயவிட்டுக் கிறீஸ் பூசு. கேபிளை மடக்காமல், ஃபான் பக்கம் தொங்காமல் பழைய கிளிப்பிலேயே பூட்டு.
இனி முக்கியமானது. பொனற்றை மூடாதே. ஸ்குறூ டிரைவரால் லொக்கை அமத்திப் பூட்டு. உள்ளே அம்மா கைபிடியை இழுக்கட்டும். விடுகிறதா பார். பத்துத் தரம்.

அம்மா, 8:58
பத்தும் விட்டது. நான் எண்ணினேன்.

சித்தப்பா, 8:59
இப்போது மூடு. மூடிய பிறகு நுனியைத் தூக்கியும் பார். அரைகுறையாகப் பூட்டியிருந்தால் ஏ9 வீதியில் காற்றுக்கு மேலே எழும்பிக் கண்ணாடியை மறைக்கும்.

நான், 9:03
📷
பூட்டினேன், திறந்தேன், திரும்பப் பூட்டினேன். கோட்டில் சரியாக இருக்கிறது. உங்களுக்குக் கோடி நன்றி சித்தப்பா.

சனி

நான், காலை 7:20
முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். தண்ணீர் பார்க்கட்டுமா?

சித்தப்பா, 7:21
சூட்டோடு றேடியேற்றர் மூடியில் கை வைக்காதே. பக்கத்தில் உள்ள வெள்ளைப் போத்தலில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றால் போதும்.

நான், 7:24
நடுவில் நிற்கிறது. கைபிடி வெண்ணெய் மாதிரி.

சித்தப்பா, 7:25
வரும்போது மாங்குளத்தில் வீட்டடியில் நிற்பாட்டு. கிளிப்புகளை ஒருதரம் என் கண்ணால் பார்க்க வேண்டும். அம்மம்மாவுக்குக் கஞ்சி வைக்கிறோம்.

அக்கா, 7:31
கச்சான் வாங்கினாயா?

அம்மா, 7:32
இரண்டு பை.