ஹாஃப் மூன் பேயில் பரங்கிக்காய் பறிக்கப் போனோம்

கலிஃபோர்னியாவின் ஹாஃப் மூன் பே பக்கம் போவதாக இருந்தால், அக்டோபர் நடுவில் பரங்கிக்காய்த் திருவிழா நடக்கும் வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். 1971-லிருந்து நடக்கும் திருவிழா, கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! 92-ஆம் நெடுஞ்சாலையில் கார் நகரவே நகராது. நாங்கள் அதற்கு அடுத்த ஞாயிறு, கடல் மூடுபனி விலகுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

இன்னொன்று, பல தோட்டங்களில் ஏற்கெனவே அறுத்த காய்களைக் கொண்டுவந்து வயலில் பரப்பி வைத்திருப்பார்கள். படம் எடுக்க அது போதும். பிள்ளைகள் எதையாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் கொடியிலேயே காய் கிடக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள்.

ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாரும் கூட வந்தார். மகனும் மகளும் பெரிய காயாகத் தேடி ஓட, அவர் ஒரு காயருகே குனிந்து தோலில் நகத்தை அழுத்தினார். பதியவில்லை. "முத்திப்போச்சு, காம்பும் காஞ்சிருக்கு பாரு கண்ணா" என்றார். தோட்டக்காரரும் என் மகனுக்கு அதையேதான் சொல்லிக்கொடுத்தார். கூடவே, காம்பை நாலு விரற்கடை விட்டு அறுக்க வேண்டும், காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது, ஒடிந்தால் அந்த இடத்திலிருந்து அழுக ஆரம்பிக்கும் என்றார்.

கொடி பாதி காய்ந்திருந்தாலும் ஓரத்தில் சில பூக்கள் இருந்தன. பெண் பூவின் அடியில் கோலிக்குண்டு அளவுக்குக் குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். தேனீ வந்து மகரந்தம் சேர்க்காவிட்டால் அந்தக் குட்டிக் காய் மஞ்சளாகி உதிர்ந்துவிடுமாம். பூ விடிகாலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிவிடுவதால் தேனீக்கும் காலையில்தான் வேலை. அப்புறம் என் மகள் ஒவ்வொரு பூவையும் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள், அங்கிருந்து கிளப்புவதே பெரும்பாடாகிவிட்டது.

அக்டோபர் 31-இல் வரும் ஹாலோவீன் பண்டிகைக்காக முகம் செதுக்குகிற பெரிய ஆரஞ்சுக் காய் சமையலுக்கு லாயக்கில்லை. சதை குறைவு, நார் அதிகம், தண்ணீராக இருக்கும். சமைக்க, 'பை' (pie) என்கிற இனிப்புப் பண்டம் செய்வதற்கென்றே விற்கும் சின்னக் காயைக் கேட்டு வாங்குங்கள். போட்டிக்கு வளர்க்கிற ராட்சதக் காய்கள் வேறு இனம். 2023-இல் இதே ஊரில் எடை போட்ட ஒன்று 2,749 பவுண்டு, அதாவது சுமார் 1,247 கிலோ, அப்போதைய உலக சாதனை! பேரன் இதைச் சொன்னதும் மாமியார், "அதை யாருடா நறுக்குறது?" என்றார்.

சின்னக் காய் இரண்டு நாள் புளிக்கூட்டாக ஓடியது. செதுக்கும் காயை ஹாலோவீனுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வெட்டினால் போதும், முன்னாடியே வெட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். உள்ளேயிருந்து எடுத்த விதைகளைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் பிசிறி ஓவனில் வறுத்தோம். எனக்கென்னவோ காயைவிட அதுதான் பிடித்தது.